விசேஷம் இல்லாத நாளில் வந்த பொம்மைகள்

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாலு எழுதுவது. இங்கே நலம். நீயும் நலம் என்று நானே எழுதிக்கொள்கிறேன். போனில் கேட்டால் "ம்", "சரி", "டூட்டிக்கு நேரமாச்சு" என்பதைத் தவிர உன் வாயிலிருந்து வேறெதுவும் வருவதில்லை. கடிதம் என்றால் முழுவதும் படித்துத்தானே ஆகவேண்டும்? அதனால்தான் இந்த ஏற்பாடு.

முதலில் அம்மாவைப் பற்றி. உடம்புக்கு ஒன்றுமில்லை, ஞாபகம்தான் கரைந்துகொண்டே போகிறது. பகலில் நான் கண்ணாடிக் கடையில் இருக்கும்போது பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸம்மா வருகிறார். பொறுமைசாலி. அம்மா சில நேரம் என்னையே "என்னங்க" என்று கூப்பிடுகிறாள். தலை வழுக்கையாகி மீசையும் நரைத்த பிறகு நான் அப்பாவை உரித்து வைத்தது போல இருக்கிறேனாம். கடைக்கு வரும் பழைய ஆட்கள் எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பாகவும் இருக்கிறது, கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறது.

இப்போது நல்ல செய்தி. அம்மா சிரித்தாள்!

பழைய பொம்மை சேர்ப்பவர்கள் சங்கத்தில் நான் இருப்பது உனக்குத் தெரியும். எங்கள் தலைவர் ஒரு பல் டாக்டர். அவர் சேர்ப்பது மிட்டாய்க் காகிதம். வாரம் முழுக்க இனிப்பு சாப்பிடாதே என்று ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பழைய மிட்டாய்க் காகிதங்களை முகர்ந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். பேங்க் மேனேஜர் ஒருவர் இருக்கிறார். வாங்கிய பெட்டியைத் திறக்கவே மாட்டார், திறந்தால் மதிப்புப் போய்விடுமாம். உள்ளே பொம்மைதான் இருக்கிறதா, செங்கல் இருக்கிறதா என்று அவருக்கே தெரியாது. நான் அப்படியெல்லாம் கண்டதையும் சேர்ப்பதில்லை. அப்பா எனக்கு வாங்கித் தந்தவற்றை மட்டும் தேடுகிறேன். அந்தப் பொம்மை மூட்டை வீடு மாறியபோது தொலைந்துவிட்டதல்லவா? அதே கம்பெனி, அதே நிறம், அதே சாவி. மேளம் அடிக்கும் தகரக் குரங்கு, சிவப்பு பஸ், மெழுகுவத்தி வைத்தால் ஓடும் படகு, சைக்கிள் ஓட்டும் கோமாளி, ரீங்காரமிடும் பம்பரம். எல்லாம் கிடைத்துவிட்டன.

பழைய பொருள்களைக் காட்டினால் ஞாபகத்துக்கு நல்லது என்று அம்மாவைப் பார்க்கும் டாக்டர் சொன்னார். அம்மா கட்டிலுக்கு எதிரே ஒரு அலமாரி அடித்து எல்லாவற்றையும் அடுக்கிவிட்டேன். குரங்குக்குச் சாவி கொடுத்து அம்மா முன்னால் வைத்தேன். அது டமடமவென்று அடித்தது. அம்மா அதையே பார்த்தாள். பிறகு வாய் நிறையச் சிரித்து, "நல்லாருக்கு, ரொம்ப நல்லாருக்கு" என்றாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன், அக்கா. கடைக்குப் போய் நாள் முழுக்க விசில் அடித்துக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் தினமும் ஒரு பொம்மை, தினமும் ஒரு சிரிப்பு.

உன்னிடம் ஓர் உதவி. எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பொம்மைக்குக் கீழேயும் ஓர் அட்டை வைக்கவேண்டும். யார் வாங்கித் தந்தது, எந்த வருஷம், என்ன விசேஷத்துக்கு. காரணம் தெரியாத பொம்மை வெறும் தகரம் என்பார் பல் டாக்டர். யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட என் பிறந்த நாளுக்கு வந்ததாக ஞாபகம் இல்லை. எந்த விசேஷமும் இல்லாத நாளில், ஆபீஸ் விட்டு வரும்போது, கையில் பொட்டலத்தோடு வந்து நிற்பார். அதுதான் நம் அப்பா! ஆனாலும் ஏதாவது ஒரு காரணம் இருந்திருக்கும். நீ பெரியவள், உனக்கு ஞாபகம் இருக்கும். எழுது.

ஒரு டப்பா கோடு போட்ட மிட்டாய் தனியாக அனுப்பியிருக்கிறேன். நாம் தெருமுனைக் கடையில் வாங்குவோமே, அதே ருசியில் இப்போது மறுபடியும் செய்கிறார்கள்.

உன்,
வாலு


மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. மிட்டாயும் வந்தது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறையில் என்னோடு வேலை செய்பவளிடம் டப்பாவோடு கொடுத்துவிட்டேன். எனக்கு அந்த ருசி பிடிக்காது, கோபித்துக்கொள்ளாதே. காசை இப்படி இறைக்காமல் உனக்கு ஒரு நல்ல செருப்பு வாங்கிக்கொள். போன தடவை போட்டோவில் உன் காலைப் பார்த்தேன், பிச்சைக்காரன் தோற்றான்.

அந்த அலமாரியை அம்மா அறையிலிருந்து எடுத்துவிடு. உன் அறையில் வைத்துக்கொள். காரணம் கேட்காமல் எனக்காக ஒரு தடவை சொன்னதைச் செய்.

சில கேள்விகள், இவற்றுக்கு மட்டும் சரியாகப் பதில் எழுது. அம்மா சிரிக்கும்போது கை எங்கே இருக்கிறது? சிரித்த பிறகு என்ன செய்கிறாள்? அன்று ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

விசேஷம் எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. அட்டையில் ஒன்றும் எழுதாமல் விட்டுவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தபோது போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்ததோ என்று நினைத்தேன். செருப்பு வாங்கிவிட்டேன், போதுமா?

கேட்டதற்குப் பதில். சிரிக்கும்போது அம்மா வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள். பிறகு சால்வையை இழுத்து அந்தக் கையை மூடிக்கொள்கிறாள். குளிராக இருக்கும் என்று ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். சாப்பாடு மட்டும் சரியில்லை. பொம்மை காட்டிய நாளில் மென்று சாப்பிடமாட்டேன் என்கிறாள். தாடை வலிக்கிறதாம். நர்ஸம்மா கஞ்சியாகக் கரைத்துக் கொடுக்கிறார். பல் டாக்டரையே வீட்டுக்குக் கூட்டிவந்து காட்டினேன். பல்லிலும் ஒன்றுமில்லை, தாடையிலும் ஒன்றுமில்லை, வயசுதான் என்றார்.

அலமாரியை எடுக்கச் சொல்கிறாய். எடுக்கமாட்டேன், அக்கா. அவள் சிரிப்பதே அந்த நேரத்தில்தான். அதையும் எடுத்துவிட்டால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது?

ஒன்று சொல்கிறேன், அடிக்க வராதே. அப்பா எனக்கு மட்டும் வாங்கித் தந்தார், உனக்கு வாங்கவில்லை என்பது சின்ன வயதிலேயே எனக்குத் தெரியும். பாதியை உனக்குத் தர வந்தால், நீ தொடக்கூட மாட்டாய். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறதா? இருந்தால் நியாயம்தான். ஆனால் நீ எனக்குச் செய்தது அதைவிடப் பெரிது. அப்பா வீட்டுக்கு வரும் நேரமாகப் பார்த்து அம்மா உன் கையில் சில்லறையைத் திணிப்பாள், நீ என்னை இழுத்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடுவாய். கடைப் பலகையில் உட்கார வைத்து, "கடிக்காதே, சப்பு. யார் மிட்டாய் கடைசியில் கரையுதோ அவங்கதான் ராஜா" என்பாய். எப்போதும் நான்தான் ராஜா. நீ வேண்டுமென்றே தோற்றாய் என்று இப்போது புரிகிறது. என் வாழ்க்கையில் அதைவிட இனிப்பாக எதுவும் இல்லை.

அடுத்த மாதம் மூன்றாவது ஞாயிறு எங்கள் சங்கம் முழுவதும் நம் வீட்டுக்கு வருகிறது. என் பொம்மைகளைப் பார்க்கத்தான். அம்மாதான் விருந்தாளி. நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, எல்லாப் பொம்மைகளையும் ஒரே நேரத்தில் ஓடவிடப் போகிறோம். அதற்குள் அட்டைகளை எழுதவேண்டும். கொஞ்சம் மனது வை.

உன்,
வாலு


மார்ச் 27

தம்பி,

இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது. வேலைக்குப் போகாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். தனியாக இருக்கும்போது படி.

நீ காரணம் கேட்டாய். குரங்கு வந்ததற்கு முந்தின நாள் அப்பா அம்மாவின் கையை முறுக்கினார். இடது கை. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, ஒரு துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டாள். சிவப்பு பஸ் வந்த வாரம் அவளால் குனிந்து பெருக்க முடியவில்லை, நான்தான் பெருக்கினேன். படகை நீ தொட்டியில் விட்டபோது அம்மா பக்கத்தில் நின்று கைதட்டினாளே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது அவளால் வாயைத் திறக்க முடியாது. கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். கோமாளியும் பம்பரமும் எதற்கு என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அவர் கெட்டவர் என்று சொல்ல இதை எழுதவில்லை. மறுநாள் அவர் உண்மையாகவே வருந்தியிருக்கலாம், யார் கண்டது. ஆனால் அந்த வருத்தத்தை அம்மாவிடம் சொல்லமாட்டார், பொம்மையாக வாங்கி உன்னிடம் கொடுப்பார். நீ குதிப்பாய். அம்மா பக்கத்தில் நின்று சிரிக்கவேண்டும். "நல்லாருக்கு" என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால், "இன்னும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கியா?" என்பார். அதனால் அவள் சிரிப்பாள். நீ எழுதிய அந்தச் சிரிப்பை நான் பார்த்தே வளர்ந்தேன், தம்பி. அது சந்தோஷம் இல்லை. தினமும் நீ சாவி கொடுக்கும்போது அவளுக்கு நேற்று அடி விழுந்திருக்கிறது.

மிட்டாயும் அப்படித்தான். அவர் எந்த மூடில் வருகிறார் என்று செருப்புச் சத்தத்திலேயே அம்மாவுக்குத் தெரிந்துவிடும். எல்லாம் முடியும்வரை உன்னை வெளியே வைத்திருக்கவேண்டும். கடித்துத் தின்றால் சீக்கிரம் தீர்ந்துவிடும், நீ வீட்டுக்குப் போகலாம் என்பாய். அதற்குத்தான் சப்பச் சொன்னேன். அந்த மிட்டாயை இன்றும் என்னால் வாயில் வைக்க முடியாது. நீ ராஜாவாக இருந்தாய், இருக்கட்டும் என்றுதான் இத்தனை வருஷமும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உனக்கு மட்டும் தெரியவேண்டாம் என்று அம்மாவும் கேட்டுக்கொண்டாள்.

நம்பாவிட்டால் இன்னொன்றும் சொல்கிறேன். அம்மா ஒரு தடவை என் வீட்டுக்கு வந்திருந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் அவள் கையை எக்ஸ்ரே எடுத்தேன். எலும்பு ஒடிந்து, கட்டுப் போடாமல், கோணலாக ஒட்டியிருக்கிறது. எத்தனை பேர் கையை நான் படம் எடுத்திருக்கிறேன். அம்மாவின் படத்தைப் பார்த்துவிட்டு அன்று அந்த அறையின் விளக்கைப் போடவே இல்லை. "பழசுடி. விடு" என்று மட்டும் சொன்னாள்.

அந்த மூட்டை வீடு மாறியபோது தொலையவில்லை. அப்பா இறந்துபோன அடுத்த வாரம் அம்மாவே எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தூக்கி எறிந்ததை நீ ஊர் ஊராகத் தேடி வாங்கி அவள் கண் முன்னால் அடுக்கியிருக்கிறாய். தெரியாமல்தான் செய்தாய். இனி தெரிந்துவிட்டது, எடுத்துவிடு. அந்த ஞாயிற்றுக்கிழமை வேண்டவே வேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 4

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. படித்தேன்.

என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்த மனுஷனை எனக்குத் தெரியும். என்மேல் ஒரு விரல்கூட வைத்ததில்லை. காய்ச்சல் வந்தபோது ராத்திரி முழுக்க மடியில் வைத்திருந்தார். செத்துப்போனவர் வந்து பதில் சொல்ல முடியாது என்று இத்தனை வருஷம் கழித்து இப்படி எழுதுகிறாய். புருஷன் பெண்டாட்டிக்குள் எந்த வீட்டில்தான் சண்டை இல்லை? அம்மா என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லையே. எலும்பு கோணலாக ஒட்டியிருந்தால் விழுந்திருப்பாள்.

இருபது வயதில் நீ வீட்டை விட்டுப் போனாய். அம்மாவைக் குளிப்பாட்டுவதும், மாத்திரை கொடுப்பதும், மலம் துடைப்பதும் நான். தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய் அதைச் செய் என்பது சுலபம்.

ஞாயிற்றுக்கிழமை நடக்கும். போன் செய்யாதே, எடுக்கமாட்டேன்.

தம்பி


ஏப்ரல் 11

தம்பி,

எடுக்கமாட்டேன் என்றாய், எடுக்கவில்லை. சொன்ன சொல் மாறாதவன் ஆகிவிட்டாய்.

என்னைத் திட்டு, எனக்கு அது பெரிதில்லை. குளிப்பாட்டுகிறவன் நீதான், நான் ஒன்றும் செய்யவில்லை என்பதும் உண்மை. அப்பாவை நீ எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள், உன் அறையில் அவர் படத்துக்கு மாலை போடு. அம்மாவை மட்டும் அந்த நாற்காலியில் உட்காரவைக்காதே. லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், மாதக் கடைசிக்கு முன் கிடைக்காது போலிருக்கிறது. இந்தக் கடிதம் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் வந்து சேர்ந்தால், நர்ஸம்மாவிடம் சொல்லி அம்மாவை அன்று மட்டும் வேறு எங்காவது உட்காரவை. கெஞ்சிக் கேட்கிறேன்டா.

அக்கா


ஏப்ரல் 24

அக்காவுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமைதான் வந்தது. முன்பே வந்திருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன்.

நடந்ததை எழுதுகிறேன். எல்லாரும் வந்தார்கள். அம்மாவுக்குத் தலை வாரி, நல்ல உடை உடுத்தி நாற்காலியில் உட்காரவைத்தேன். அட்டைகளில் "அப்பா, அன்புக்காக" என்று நானே எழுதி வைத்திருந்தேன். பல் டாக்டர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார், எல்லாப் பொம்மையையும் ஒன்றாக விட்டோம். அந்தச் சின்ன அறையில் காது அடைக்கும் சத்தம். எல்லாரும் குழந்தைகள் போலச் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். பிறகு எழுந்து நின்றாள். வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் போய், மணிக்கட்டை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள்.

"நான்தான் வழுக்கி விழுந்துட்டேன். அவர்மேல ஒரு தப்பும் இல்லீங்க. நான்தான் வழுக்கி விழுந்துட்டேன்."

யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை, அக்கா. சிரித்த முகத்தோடே ஒவ்வொருவரிடமும் சொன்னாள். பேங்க் மேனேஜர் குனிந்து செருப்பைத் தேடினார். பல் டாக்டர் அட்டைகளைப் பார்த்தார், அம்மாவின் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒவ்வொருவராக எல்லாரும் போனார்கள். குரங்கு மட்டும் சாவி தீராமல் அடித்துக்கொண்டே இருந்தது. அதைக் கையால் அமுக்கிப் பிடித்தேன்.

உன்னை நம்பாததற்கு என்ன சொல்வது? மன்னிப்பு என்று எழுதினால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது. நீ பல வருஷம் சுமந்ததைக் கொஞ்சம் என்னிடம் இறக்கினாய், நான் உன் மூஞ்சியில் எறிந்தேன்.

மறுநாள் காலையிலேயே பொம்மைகளையும் அலமாரியையும் எடுத்து, சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளைக்கூட அடைத்துவிட்டேன். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சாயங்காலம் கடையிலிருந்து வந்து, வெறும் கையோடு அம்மா அறை வாசலில் போய் நின்றேன். என் கையைப் பார்த்தாள். முதலில் ஒரு கை, அப்புறம் இன்னொரு கை. மெல்ல எழுந்து சுவரோரமாகப் போய் நின்றாள்.

"கையில ஒண்ணும் கொண்டு வரலையா?" என்றாள். பிறகு, "சரிங்க. கொஞ்சம் பொறுங்க. பிள்ளைங்கள வெளிய அனுப்பிடறேன்" என்றாள்.

அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. பொம்மையோடு வந்தால் முடிந்துவிட்டது என்று அர்த்தம், இனிச் சிரித்தால் போதும். வெறும் கையோடு வந்தால் இனிமேல்தான் நடக்கப் போகிறது. பொம்மையை எடுத்துவிட்டேன், அப்பாவின் முகத்தை என்ன செய்வேன்? அதை நானே அல்லவா சுமந்துகொண்டு திரிகிறேன். மறுநாள் மீசையை மழித்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை, அதே சுவர், அதே "கொஞ்சம் பொறுங்க". நான் அம்மாவைத் தொட்டுக் குளிப்பாட்டியபோதெல்லாம் அவள் ஏன் விறைத்து நின்றாள் என்றும் புரிந்தது.

கடையின் பின்பக்க அறையில் படுக்கையைப் போட்டுக்கொண்டேன். நர்ஸம்மா இரவிலும் தங்கச் சம்மதித்துவிட்டார். மாதக் கடைசியில் நீ வந்து அம்மாவை உன்னோடு அழைத்துப் போய்விடு. மாத்திரை எல்லாம் சமையலறை மேல்தட்டில், எது எப்போது என்று நர்ஸம்மாவுக்குத் தெரியும். வெந்நீர் அதிகச் சூடு கூடாது. சால்வையைத் துவைக்கிறேன் என்று பிடுங்காதே, தூங்கும்போது எடுத்துத் துவை. நீ வரும்போது நான் வீட்டில் இருக்கமாட்டேன். ஸ்டேஷனுக்கும் வரமாட்டேன், அவள் கண்ணில் பட்டுவிடுவேன்.

நர்ஸம்மா நேற்று கடைக்கு வந்து சொன்னார். "அவர் எங்கே?" என்று அம்மா கேட்டாளாம். வெளியூர் போயிருக்கிறார், இனிமேல் வரமாட்டார் என்று சொன்னாராம். அன்று அம்மா சாப்பாட்டை மறுபடியும் கேட்டு வாங்கி, நன்றாக மென்று சாப்பிட்டாளாம்.

தம்பி